வரதன் கட்டிய நாற்பத்தொரு மரம்

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் நிழல் என்று ஒன்று இருந்ததென்றால் அதைப் போட்டவர் வரதன். ஊர் சொல்ல மறந்தால் அவரே சொல்லிவிடுவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து மீன் மார்க்கெட் வரைக்கும், அங்கிருந்து பாலத்துக்குத் திரும்புகிற வளைவு வரைக்கும், ரோட்டின் இரண்டு பக்கமும் நாற்பத்தொரு மரம். பூவரசு, புங்கன், நடுநடுவே வாதாங்கொட்டை மரம். ஒவ்வொன்றும் அவர் கையால் குழி வெட்டி, அவர் கையால் வைத்து, அவர் கையால் கட்டியது. மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட மனிதர். கையெழுத்துப் போடுவார், பஸ் போர்டு படிப்பார், அதற்கு மேல் எழுத்தோடு அவருக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. "படிச்சவன் எவனாச்சும் இந்த ரோட்டுல ஒரு மரம் வெச்சிருக்கானா, காட்டு" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். ஒன்பது வருஷமாகக் கேட்டார். யாரும் காட்டியதில்லை.

பிறந்தது கோட்டைக்குப்பத்தில். பத்து வயதில் நைனாவோடு ஏரியில் இறங்கினார், பதினாறில் கடல். நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு விடியற்காலை, முகத்துவாரத்தைத் தாண்டி வெளியே போனதும் அலை படகைக் கவிழ்த்துவிட்டது. கூட வந்த இரண்டு பேரையும் பின்னால் வந்த படகு தூக்கிக்கொண்டது. வரதனை மட்டும் நீரோட்டம் வடக்கே இழுத்துப் போனது. கைக்குக் கிடைத்தது ஒரு மிதவைக் கேன். அதன் கயிற்றைத் தன் இடது மணிக்கட்டில் சுற்றி, வலது கையாலும் பல்லாலும் ஒரு முடிச்சுப் போட்டார். படகைக் கரையில் கட்டுகிறபோது போடுகிற முடிச்சுதான். ஈரம் படப்பட இறுகும், இழுக்க இழுக்க இன்னும் இறுகும், அவிழாது. சாயங்காலம் அவரைக் கண்டெடுத்தபோது அவர் மயங்கிக் கிடந்தார், முடிச்சு மயங்கவில்லை. கத்தி போட்டு அறுத்துத்தான் கையை விடுவித்தார்கள்.

அன்றிலிருந்து இடது கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உணர்ச்சி கிடையாது. கொதிக்கிற டீ கிளாஸைப் பிடித்தாலும் அந்த இரண்டுக்கும் தெரியாது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு பள்ளம், வளையல் போட்டுக் கழற்றின மாதிரி. அந்தப் பள்ளத்தைத்தான் அவர் ஊருக்கெல்லாம் காட்டுவார். "பாத்தியா? இத்த கட்டுனவன் நான். நான் கட்டுனது அவுந்திருந்தா இன்னிக்கி இங்க உக்காந்து உங்கிட்ட பேசிக்கினு இருப்பனா?" கேட்டவன் இல்லை என்று தலையாட்டுகிற வரைக்கும் கையை மடக்க மாட்டார்.

கடல் போதும் என்று அதற்குப் பிறகு ஐஸ் வியாபாரத்துக்கு வந்தார். முதலில் சைக்கிள் கேரியரில் உமி மூட்டைக்குள் வைத்து இரண்டு பார் ஐஸ். பிறகு லோடு ஆட்டோ. பிறகு சொந்தமாக இன்னொரு லோடு ஆட்டோ. ஒரு பயல் கைகொடுத்ததில்லை, ஒரு பேங்க் வாசலை மிதித்ததில்லை, மாடி வீடு எழும்பிவிட்டது. மகன் அஜித்குமார் டிப்ளமோ முடித்து ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். அந்த மாடிப்படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் வரதனுக்கு முதுகு தானாக நிமிரும்.

மரம் வைக்க வேண்டும் என்று யோசனை சொன்னது அவர் மனைவி தேவகி. இதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லமாட்டார். தேவகி மார்க்கெட் வாசலில் கூடை வைத்து மீன் விற்கிறவள். மாடி வீடு வந்த பிறகும் கூடையை விடவில்லை. சித்திரை மாசத்து வெயிலில், பத்து மணிக்கெல்லாம் மீன் மேல் கொட்டிய ஐஸ் தண்ணீராகி ரோட்டில் ஓடும். ஒரு நாள் அவர் ஐஸ் மூட்டையை இறக்கும்போது அவள் சொன்னாள்:

"நீ ஐஸ விக்கிற, நான் அத்த வாங்கி ரோட்டக் குளிப்பாட்டி வுடுறேன். இந்தத் தலைக்கு மேல ஒரு மரம் இருந்தா பாதி ஐஸு போதுமே. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இது தெரியாதா?"

தெரியாதா என்று கேட்டுவிட்டாள். அது போதும் அவருக்கு. மறுநாளே பொன்னேரிப் பக்கம் ஒரு நாற்றங்காலுக்கு ஆட்டோவை விட்டார்.

டீக்கடை எல்லப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எல்லப்பன் அவருக்கு மருமகன் முறை. வாய் மட்டும் மாமனார் முறை. "இன்னா மாமா, ஐஸ் விக்கிறவன் நிழலு வெக்கிறியா? சோடாக் கடக்காரன் தண்ணிப் பந்தல் வெச்ச மாதிரி கீது. வியாபாரம் படுத்துடும் பாத்துக்கோ."

"என் வியாபாரம் படுத்தா நான் எழுப்பிக்குவேன். நீ டீயில தண்ணிய கொறடா."

குழி வெட்டுவது லேசான வேலை இல்லை. இரண்டு அடிக்குக் கீழே உப்பு மணல். அதை அள்ளிப் போட்டுவிட்டு, லோடு ஆட்டோவில் செம்மண்ணும் சாணமும் கொண்டுவந்து ரொப்ப வேண்டும். வைத்த பிறகு ஆடு. குப்பத்தில் கிழிந்து கிடக்கிற வலையை எடுத்துவந்து கன்றைச் சுற்றி வேலி கட்டினார். ஒரு ஆட்டுக்கு ஒரு தடவை கொம்பு சிக்கினால் போதும், அடுத்த தடவை அந்தப் பக்கம் திரும்பாது. தண்ணீர் ஊற்றுவதற்குப் பாடு முறையையே கொண்டுவந்தார். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பதற்குப் பாடு என்று பேர். அதே மாதிரி கடைக்காரர்கள் பேரில் சீட்டுப் போட்டு, ஆளுக்கொரு மரம் பிரித்துக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றத் தவறினவன் மற்றவனுக்கெல்லாம் டீ வாங்கித் தர வேண்டும். எல்லப்பனுக்கு அந்த விதி மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசி வேலை கட்டு. கடல் காற்றுக்குக் கன்று ஆடாமல் இருக்க, பக்கத்தில் ஒரு சவுக்குக் கழி நட்டு, இடுப்பு உயரத்தில் நைலான் கயிற்றால் கட்ட வேண்டும். அதை அவர் யாரையும் தொட விடமாட்டார். கன்றைச் சுற்றி ஒரு சுற்று, கழியைச் சுற்றி ஒரு சுற்று, பிறகு அந்த முடிச்சு. கண்ணை மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவார். போட்டு முடித்ததும் கயிற்றைச் சுண்டிப் பார்ப்பார், வீணைத் தந்தியைச் சுண்டுகிறவர் மாதிரி.

நாற்றங்காலில் ஒரு பெண் வேலை பார்த்தாள். நிவேதா என்று பேர், விவசாயம் படித்தவள். முதல் தடவை கன்று ஏற்றும்போதே சொன்னாள்: "ஐயா, கட்டு ஒரு வருஷம் இருந்தா போதும். அதுக்கப்புறம் அவுத்துடுங்க. இல்லன்னா மரத்துக்கு ஆகாது."

வரதன் அவளுக்குத் தன் மணிக்கட்டைக் காட்டினார். கதை முழுவதும் சொன்னார். "கட்டி வெச்சத அவுக்கச் சொல்ற. காத்து வந்து அவுத்துட்டுப் போன படகையெல்லாம் நீ பாத்ததில்ல தாயே. நான் பாத்திருக்கேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மரங்கள் வளர்ந்தன. சவுக்குக் கழிகள் மட்கி விழுந்தன, கயிற்று வளையம் மட்டும் மரத்தில் நின்றது. நாலைந்து வருஷத்தில் கயிற்றுக்கு மேலே மரம் புடைத்துக்கொண்டு வந்தது. வரதனுக்கு அதில் ஒரு பெருமை. "பாரு, கயித்துக்கு மேல தோளு வெக்குது. பலம் ஏறுது" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினார். பிறகு பட்டை கயிற்றையே மூடிக்கொண்டது. மரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று சொன்னார். எல்லோரும் அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஒரே ஒரு மரத்தில் மட்டும் கயிறு இல்லை. தேவகி உட்காருகிற இடத்துப் பூவரசு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் கூடையின் காது பிய்ந்துபோக, கட்ட ஒன்றும் கிடைக்காமல், கத்தியால் மரத்துக் கயிற்றை அறுத்துக் கூடையைக் கட்டிக்கொண்டாள். வரதன் கண்டுபிடித்தபோது மார்க்கெட்டே வேடிக்கை பார்க்கும்படி கத்தினார். பிறகு மூன்று நாள் அவளோடு பேசவில்லை. புதுக் கயிறு கட்டப் போனபோது கூடைக்காரப் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து, "ஒரு மரம் சும்மா நிக்கட்டும் வுடுய்யா" என்று துரத்திவிட்டார்கள்.

போன கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் காற்று. மூன்றாம் நாள் காலையில் காற்று ஓய்ந்து, மழை மட்டும் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தபோது வரதன் வீட்டை விட்டு இறங்கி நடந்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். முதல் மரம் விழுந்திருந்தது. இரண்டாவதும். மூன்றாவது எலெக்ட்ரிக் கம்பி மேல். மார்க்கெட் வருவதற்குள் இருபது. மொத்தம் இருபத்தொன்பது. பாலத்து வளைவில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்த பதினொரு இளம் மரங்கள் வளைந்து கொடுத்துத் தப்பித்திருந்தன. கட்டைவிரல் கனத்தில் வைத்தது, இப்போது மணிக்கட்டுக் கனம். பெரிய மரங்களில் நின்றது ஒன்றே ஒன்று. தேவகியின் பூவரசு. இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக, ஆனால் நேராக நின்றது.

திரும்பி நடந்தபோதுதான் பார்த்தார். வேரோடு சாய்ந்த மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் முறிந்தவை. எல்லாம் இடுப்பு உயரத்தில். அளந்து வெட்டின மாதிரி ஒரே உயரத்தில் இருபத்தொன்பது அடிமரம் ரோட்டோரம் நின்றன. ஒன்றின் பக்கத்தில் குனிந்தார். முறிந்த வாயில், பட்டைக்கு உள்ளே, நீலக் கயிறு. சாயம்கூடப் போகவில்லை. கயிறு இருந்த இடத்தில் மரம் சின்னக் கழுத்தாக இருந்தது. மேலே அத்தனை கிளையையும் அந்தக் கழுத்துதான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. அவிழவில்லை.

வரதன் நிமிர்ந்தார். மழை தலையில் விழுந்துகொண்டிருந்தது. துண்டை எடுத்துத் தலையில் போட வேண்டும் என்று தோன்றியது, கை போகவில்லை. எல்லப்பன் கடையிலிருந்து ஓடிவந்து குடை பிடித்தான்.

"வா மாமா. இன்னா பண்ண முடியும், பேய்க் காத்து. நம்ம லைட் கம்பமே சாஞ்சிட்ச்சு. வா, ஒரு டீ குடி."

டீ குடித்தார். ஆறிய டீயா சூடான டீயா தெரியவில்லை. கிளாஸை இடது கையில் பிடித்திருப்பதாக நினைத்துப் பார்த்தால் வலது கை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். பாதியில் தேவகி, "ஐயோ, கொழம்புல உப்பே போடல" என்று எழுந்து போய் உப்பு எடுத்துவந்தாள். அதற்குள் அவர் தட்டைக் காலி பண்ணிவிட்டிருந்தார். அஜித்குமார் போன் பண்ணினான். "நைனா, வீடியோ பாத்தேன். வுடு நைனா, வேற வெச்சிக்கலாம். ஒடம்பப் பாத்துக்கோ." சரி என்று சொல்லிவிட்டு, மகன் பேசி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அழுகை வரும் என்று இரண்டு நாள் எதிர்பார்த்தார். வரவில்லை. கோபமும் வரவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு விரல் எப்படியோ, ஆள் முழுக்க அப்படி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

நாலாம் நாள் ஊராட்சித் தலைவர் கோமளா வீட்டுக்கே வந்துவிட்டாள். நாற்பது வயது, நல்ல சுறுசுறுப்பு. அவள் புருஷனுக்கு வரதன் அந்தக் காலத்தில் ஐஸ் கொடுத்தவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"வரதண்ணே, இருநூறு கன்னு வருது. தை பொறந்ததும் விழா வெக்கிறோம். பஸ் ஸ்டாண்டுல பந்தல் போட்டு உங்களுக்குப் பொன்னாட போத்துறோம். நூறு நாள் வேல பொம்பளைங்க இருபது பேர வுடுறேன். நீங்க ஒண்ணும் குனிய வாணாம். ஒரே ஒரு வேலதான்."

"இன்னாம்மா?"

"விழாவுல மொதல் கன்ன நீங்க கட்டணும். உங்க முடிச்ச அவங்க இருபது பேரும் பாத்துக்கட்டும். இருநூறும் உங்க கட்டுதான். ஊருக்கே தெரியுமே உங்க கட்டு."

வரதன் "ம்" என்றார். கோமளா காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

வேறு சமயமாக இருந்திருந்தால் அந்த இரவே ஊர் பூராவும் அவர் வாயால் பரவியிருக்கும். பொன்னாடை, பந்தல், மைக். இப்போது அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. புயல்தான் மரத்தை முறித்தது என்று ஊரே சொல்கிறது. ஆனால் இருநூறு கன்றுக்கும் இருபது பெண்கள் அந்த முடிச்சைப் போடுவார்கள், ஆறேழு வருஷம் கழித்து இன்னொரு காற்றில் இருநூறும் இடுப்பு உயரத்தில் முறியும். வாயைத் திறந்தால், வரதன் கட்டின மரத்தை வரதனே கொன்றார் என்று ஆகும். அது மட்டுமா? மணிக்கட்டுக் கதையை இனி யாரிடம் சொல்ல முடியும்? இருபத்திரண்டு வருஷமாக அவர் பேரில் இருந்த ஒரே பட்டம் அதுதான். அவிழாத கட்டுக்காரர்.

மறுநாள் அடிமரங்களை அறுக்க ஆள் வந்தார்கள். மெஷின் ரம்பம் வைத்திருந்தவனிடம் போய், "இந்த எடத்துக்குக் கீழ ஒரு அறு, மேல ஒரு அறு" என்று காட்டினார். தட்டு மாதிரி ஒரு துண்டு வந்தது. நடுவில் நீலக் கயிறு வட்டமாக. அதைத் தோள் துண்டில் சுற்றி எடுத்துவந்து தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைத்தார்.

தேவகி கண்ணில் எது தப்பும். பெருக்கும்போது வெளியே இழுத்தாள்.

"இது இன்னாது? அடுப்புக்கா?"

"அங்கயே வெச்சிடும்மே."

அவள் வைக்கவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நகத்தால் கயிற்றைச் சுரண்டினாள். மீன் வயிற்றைத் திறந்து பார்க்கிறவள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துகொள்வாள்.

"காத்துனு சொன்னாங்க."

"காத்துதான். நான் கழுத்த நெரிச்சி வெச்சிருந்தேன், அது வந்து தள்ளிட்டுப் போச்சு."

தேவகி கயிற்றிலிருந்து நகத்தை எடுத்தாள். பிறகு, "அப்ப என் மரம்?" என்றாள்.

"அதுல கட்டு இல்ல."

"கூடைக்கு அறுத்தேன்னு என்னோட மூணு நாளு பேசாம இருந்த."

"ம்."

"மார்க்கெட்டுல வெச்சி இன்னா பேச்சு பேசுன. மீனு வெட்டுற கத்தியால உன் வாய வெட்டிக்கோனு சொன்ன."

"ம்."

"இன்னா ம்? வாயில கொழுக்கட்டையா?" அவள் குரல் எழும்பிப் பாதியில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மரத்துண்டை டிரம்முக்குப் பின்னால் திரும்ப வைத்தாள். "சோறு வெக்கிறேன், வா. கோமளாகிட்ட சொல்லப் போறியா?"

"தெரியல."

"சொல்லலன்னா இருநூறுமே..."

"தெரியும்மே."

தை வந்தது. பஸ் ஸ்டாண்டில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, சத்தமாக மைக் செட். நூறு நாள் வேலைப் பெண்கள் இருபது பேரும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். கன்றுகள் லாரியிலிருந்து இறங்கி வரிசையாக நின்றன. வரதன் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். தேவகி கூடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றாள். கோமளா பேசினாள், பொன்னாடை போர்த்தினாள், கைதட்டல். "அண்ணே, ரெண்டு வார்த்த" என்று மைக்கைக் கையில் கொடுத்தாள்.

எல்லப்பன் கீழேயிருந்து குரல் கொடுத்தான்: "ரெண்டு வார்த்தையா? அவருகிட்டயா? பஸ்ஸு போயிடும்க்கா!"

சிரிப்பு. வரதன் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். டீக்கடையில் பேசுகிறவர் குரல் மாதிரியே இல்லை அந்தக் குரல்.

"மரத்த ஒடச்சது புயலு இல்ல. என் முடிச்சு. ஒரு வருசத்துல அவுக்கணும்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. நான் அவுக்கல. கயிறு உள்ள போயி மரத்த அறுத்துட்ச்சு. என் கட்டு யாரும் போடாதீங்க."

முன் வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ கைதட்டினார்கள். அடக்கத்தைப் பாராட்டுகிற கைதட்டல். கோமளா அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "எவ்ளோ பெரிய மனசு பாருங்க" என்றாள் அவர் கையிலிருந்த மைக்கிலேயே.

எல்லப்பன் எழுந்தே விட்டான். "மாமா, இன்னா அநியாயம் இது! ஊர்ல எது நடந்தாலும் நான்தான் பண்ணேன்னு உதார் வுடுவ, சரி. இப்ப புயலு பண்ணதையும் நான்தான் பண்ணேன்னு சொல்றியே. அதுலயும் பங்கு கேக்குறியா?"

பந்தலே குலுங்கியது. வரதன் மஞ்சள் பைக்குள் கையை விட்டு மரத்துண்டை எடுத்துக் காட்டினார். முன் வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். மரம் என்றால் இப்படித்தானே இருக்கும் என்கிற மாதிரி பார்த்தார்கள். பனையே சாய்ந்த காற்று, பூவரசு நிற்குமா என்றார் ஒருவர். கோமளா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, மொதல் கன்ன கட்டிடலாம், வாங்க" என்றாள்.

மேடைக்குப் பக்கத்தில் வெட்டியிருந்த குழியில் கன்றைத் தூக்கி வைத்தார்கள். சவுக்குக் கழி நட்டார்கள். யாரோ கையில் நீலக் கயிற்றைக் கொடுத்தார்கள். இருபது பெண்களும் எழுந்து சுற்றி நின்று கழுத்தை நீட்டினார்கள்.

கயிறு கையில் பட்டதும் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, முடிச்சு. அவர் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. விரல் கயிற்றைச் சுண்டிக்கூடப் பார்த்துவிட்டது. ஆஹா என்று கைதட்டினார்கள்.

வரதன் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழகான முடிச்சு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சட்டைப் பையிலிருந்து தேவகியின் மீன் கத்தியை எடுத்தார். கத்தியைப் பார்த்ததும் கைதட்டல் நின்றது. முடிச்சின் நடுவில் வைத்து அறுத்தார். மஞ்சள் பையிலிருந்து தேவகியின் பழைய புடவைக் கிழிசல் ஒன்றை எடுத்து, கன்றுக்கும் கழிக்கும் நடுவே எட்டுப் போட்ட மாதிரி தொளதொள என்று சுற்றி, சின்னப் பிள்ளை பூ முடிகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டார். கன்று லேசாக ஆடியது.

பெண்களில் ஒருத்தி, செவ்வந்தி என்று பேர், குனிந்து கீழே வைத்திருந்த மரத்துண்டைத் தூக்கினாள். மற்றவர்கள் பார்க்காததை அவள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நெசமாவே உள்ள கயிறு கீதுக்கா. எலும்புல மாட்டிக்கினா மாதிரி." பிறகு கன்றைப் பார்த்தாள். "ஆனா தாத்தா, இந்தக் கட்டு நாலு மாசத்துல அவுந்துடும் போலக்கீதே?"

"அவுரட்டும். அவுந்தா மறுபடி கட்டு. ஒரு வருசம் ஆகியும் அவுரலன்னா நீயே அவுத்துடு."

"இதுக்கு இன்னா பேரு, இந்த முடிச்சுக்கு?"

"பேரு இல்ல."

பக்கத்தில் வந்து நின்ற எல்லப்பன், "மாமாவுக்கு வயசாயிட்ச்சுப்பா, கட்டக்கூட வரல" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொன்னது மைக் வழியாக எல்லோருக்கும் கேட்டது. மைக் இன்னும் வரதன் கையிடுக்கில் இருந்தது. அவரும் கேட்டார். ஒன்பது வருஷத்தில் எல்லப்பனுக்குப் பதில் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான்.

இருபது பேரில் பாதிப் பேர் புடவைக் கிழிசலில் கட்டினார்கள். மீதிப் பேர் அவர் முதலில் போட்ட முடிச்சைத்தான் போட்டார்கள். பார்க்க நன்றாக இருந்தது, ஒரு தடவை பார்த்ததுமே கற்றுக்கொண்டுவிட்டார்கள். அடுத்த வாரம் முழுக்க வரதனும் செவ்வந்தியும் பின்னாலேயே போய் அறுத்துக்கொண்டு வந்தார்கள். விழாவுக்கு வந்தவர்கள் ஊரில் சொன்னது பொன்னாடையைப் பற்றி. முடிச்சைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. டீக்கடையில் வெளியூர்க்காரன் எவனாவது அந்தக் கைப் பள்ளத்தைப் பார்த்து என்ன பெரியவரே என்று கேட்டால், "கயிறு பட்ட எடம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

விழா நடந்த அன்றே, பந்தல் பிரிக்கும்போது, அவர் பாலத்து வளைவுக்குப் போனார். பின்னால் தேவகி கூடையோடு வந்தாள். பதினொரு இளம் மரங்கள். இன்னும் பட்டைக்கு வெளியேதான் இருந்தது கயிறு, பிடித்த பிடி மட்டும் இறுகியிருந்தது. இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுத்தார். பட்டையின் சொரசொரப்பு மூன்று விரலுக்குத் தெரிந்தது. மற்ற இரண்டும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கயிறும் அறுபட்டதும் தானாக விழவில்லை. நகத்தைக் கொடுத்து உரித்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த இடத்தில் ஒரு பள்ளம், வளையல் போட்டுக் கழற்றின மாதிரி. பத்தாவது மரத்தில் பள்ளத்திலிருந்து கொஞ்சம் சாறு கசிந்தது. அதைத் துண்டால் துடைத்தார். துடைத்தால் நிற்காது என்று தெரியும், துடைத்தார்.

பதினொன்றும் முடிந்ததும் துண்டுக் கயிறுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொன்னாடை தோளிலேயே இருந்தது, எடுத்துப் போட மறந்துபோயிருந்தது.

தேவகி கையை நீட்டினாள். "குடு, கூடைக்கு ஆவும்."

பையிலிருந்து அள்ளிக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரு ஜாண்.

"இம்மாம் குட்டியா? இது எதுக்கும் ஆவாது" என்று ரோட்டோரம் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினாள். வரதன் ஒரு பக்கம் கை கொடுத்துத் தலையில் ஏற்றிவிட்டார்.